சொல்லுமுன் வழுக் காணல்

"அவன் வந்தாள்" என்று மாணவன் ஒருவன் எழுதினால், அது பிழையென்று உடனே கூறிவிடுகிறோம். எழுவாய் ஆண்பால், பயனிலை பெண்பால், இரண்டும் இயையவில்லை. இதனைப் பால்வழு என்பர். திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு ஆகிய ஏழில் எதிலும் இயைபு கெட்டால் வழு தோன்றும் என்பது நன்னூலார் வகுத்த முறை. இவ்வழுக்களைக் காண்பதற்கு, மாணவன் கூறும் செய்தி மெய்யா பொய்யா என்று ஆராய வேண்டுவதில்லை. வந்தவர் யார், எப்போது வந்தார் என்பதும் நமக்குத் தெரிய வேண்டுவதில்லை. சொற்களின் வகையை மட்டும் நோக்கியே பிழையைக் கண்டுவிடுகிறோம். இலக்கணத்தின் பெரும்பயன்களுள் இஃது ஒன்றாகும்.

கணிப்பொறிக்கு நிரல் எழுதுவோரும் இதே பயனை நாடுகின்றனர். எண் வேண்டிய இடத்தில் எழுத்தும், முகவரி வேண்டிய இடத்தில் தொகையும் வந்துவிடாதபடி காப்பதற்கு அவர்களும் 'வகை' என்னும் இலக்கணத்தை வகுத்திருக்கின்றனர். தன்னியங்கு ஒப்பந்தங்கள் என்னும் துறையில் இவ்விலக்கணம் மிக வேண்டப்படுவது. அங்கே ஒருமுறை சொன்ன சொல்லைத் திரும்பப் பெற இயலாது. பிழைபட்ட சொல் பணத்தையும் உடன்கொண்டு போய்விடும். அவ்வொப்பந்தங்களோடு பேசும் நிரலை வகைப் பொருத்தத்தோடு ஆக்கித் தரும் முறை யாது, அது எவற்றைக் காக்கும், எவற்றைக் காவாது என்பவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒப்பந்தம் என்னும் நிரல்

பிளாக்செயின் என்பது, ஒரே கணக்கேட்டின் படிகளைப் பல கணிப்பொறிகள் ஒருங்கே வைத்துக் காக்கும் ஏற்பாடு. ஏட்டின் ஒவ்வொரு பகுதியும் அதற்கு முந்திய பகுதியோடு கணித முறையால் பிணைக்கப்பட்டிருக்கும். ஆதலின், பழைய வரியொன்றை ஒருவர் மட்டும் மறைவாகத் திருத்துதல் கூடாதாகிறது. 2009ஆம் ஆண்டு தோன்றிய பிட்காயின் இவ்வேற்பாட்டைப் பெரும்பாலும் பணக் கணக்கிற்கே பயன்படுத்தியது. 2015ஆம் ஆண்டு சூலை 30ஆம் நாள் இயங்கத் தொடங்கிய எத்தீரியம், பணக் கணக்கோடு எவ்வகை நிரலையும் அவ்வேட்டில் இட்டு இயக்க இடந்தந்தது. அங்ஙனம் இடப்பட்ட நிரலே தன்னியங்கு ஒப்பந்தம் ஆகும். ஆங்கிலத்தில் ஸ்மார்ட் கான்டிராக்ட் என்பர்.

இப்பெயர் எத்தீரியத்திற்கு முற்பட்டது. நிக் சாபோ என்னும் அறிஞர் 1990களில் இதனை வழங்கினார். அவர் காட்டிய எடுத்துக்காட்டு, நாணயம் இட்டால் பண்டம் தரும் பொறி. உரிய காசு விழுந்தால் பொறி பண்டத்தைத் தருகிறது; விற்பவரும் வாங்குபவரும் ஒருவரையொருவர் நம்பி நிற்க வேண்டுவதில்லை. ஒப்பந்தத்தின் விதி பொறியின் அமைப்பிலேயே அடங்கிவிட்டது.

பொறிக்கு ஒரு குணம் உண்டு. நீர் எந்தப் பொத்தானை அழுத்தினீரோ அதற்குரிய பண்டத்தையே அது தரும். "நான் நினைத்தது வேறு" என்றால் அது கேளாது. தன்னியங்கு ஒப்பந்தமும் அத்தகையதே. பிழையாக அனுப்பிய கட்டளை ஏட்டில் ஏறிவிட்டால் அதனை நீக்கித் தர அலுவலர் எவரும் இலர். ஆகவே கட்டளை புறப்படுமுன் அதனைச் சரிபார்ப்பது அழைப்பவரின் கடமையாகிறது.

சொல் எண்ணாகும் விதம்

ஒப்பந்தத்தை எழுதுவோர் பெரும்பாலும் சாலிடிட்டி என்னும் மொழியில் எழுதுகின்றனர். அம்மொழியில் ஒவ்வொரு செயற்கூற்றுக்கும் பெயர் உண்டு. அது ஏற்கும் உள்ளீடுகளுக்கு வகை உண்டு. 2015ஆம் ஆண்டு முன்மொழியப்பட்ட இஆர்சி-20 என்னும் பொதுவிதிப்படி அமைந்த டோக்கன் ஒப்பந்தங்களில், 'டிரான்ஸ்ஃபர்' என்பது ஒரு செயற்கூறு. யாருக்கு என்னும் முகவரியும், எவ்வளவு என்னும் தொகையுமாகிய இரண்டு உள்ளீடுகளை அது வேண்டும்.

ஆனால் ஏட்டில் இருக்கும் ஒப்பந்தம் இப்பெயர்களை அறியாது. நிரல்பெயர்ப்பி அதனை வெறும் எண் தொடராக மாற்றிவிடுகிறது. அழைப்பவரும் எண் தொடராகவே பேசல் வேண்டும். செயற்கூற்றின் பெயரையும் உள்ளீட்டு வகைகளின் பெயர்களையும் இடைவெளியின்றிச் சேர்த்து எழுதி, கெச்சாக்-256 என்னும் கணிப்பு முறைக்கு உட்படுத்தினால் 32 பைட்டு நீளமுள்ள ஓர் எண் கிடைக்கும். அதன் முதல் 4 பைட்டுகளே அச்செயற்கூற்றின் அடையாளம். சான்றாக, மொத்த டோக்கன் எண்ணிக்கையைக் கூறும் 'டோட்டல் சப்ளை' என்னும் செயற்கூற்றின் அடையாளத்தைப் பதினாறடிமான எண்முறையில் எழுதினால், 1, 8, 1, 6, 0 என்னும் ஐந்து இலக்கங்களும் அவற்றின்பின் மூன்று 'டி' எழுத்துகளும் வரும்.

இவ்வடையாளத்தை அடுத்து உள்ளீடுகள் வரும். எளிய வகைகளுள் ஒவ்வொன்றும் 32 பைட்டு இடத்தைப் பெறும். முகவரி என்பது 20 பைட்டு மட்டுமே உடையது. ஆகவே அதன் இடப்புறம் 12 சுழிப் பைட்டுகள் இட்டு நிரப்புவர். எனவே டிரான்ஸ்ஃபர் அழைப்பொன்று 4, 32, 32 எனக் கூடி 68 பைட்டு நீளமுடையதாகும். ஒப்பந்தம் இடத்தை வைத்தே பொருளை அறிகிறது. முதல் 32 பைட்டில் இருப்பது முகவரி. அடுத்த 32 பைட்டில் இருப்பது தொகை. இடம் ஒரு பைட்டு பிறழ்ந்தாலும் பொருள் பிறழ்ந்துவிடும்.

ஒரு பைட்டு குறைந்ததால் வந்த கேடு

இது வெறும் அச்சம் அன்று என்பதற்கு 2017ஆம் ஆண்டில் வெளிவந்த ஒரு செய்தியே சான்று. கோலெம் என்னும் திட்டத்தினர், தம் டோக்கன்களை ஒரு நாணய மாற்றகம் அனுப்பும் முறையில் இருந்த குறையைக் கண்டு அறிவித்தனர். அது குறுமுகவரித் தாக்குதல் எனப் பெயர் பெற்றது. அதன் இயல்பைக் கூர்ந்து நோக்குதல் நமக்குப் பயன்படும்.

கடைசிப் பைட்டு சுழியாக முடியும் முகவரி ஒன்றை ஒருவன் உண்டாக்கிக் கொள்கிறான். 256 முகவரிகளை உண்டாக்கினால் சராசரியாக ஒன்று அவ்வாறு அமையும். ஆகவே இஃது அரிய செயலன்று. மாற்றகத்தில் அவனுக்கு 5 டோக்கன்கள் உள்ளன. அவற்றை வெளியே அனுப்பக் கேட்கும்போது, முகவரியின் கடைசிச் சுழிப் பைட்டை விட்டுவிட்டு 19 பைட்டுகளை மட்டும் தருகிறான். மாற்றகத்தின் நிரல் நீளத்தைப் பார்க்கவில்லை. 12 சுழிகள், 19 பைட்டு முகவரி, அதன்பின் தொகை என்று ஒட்டி அனுப்பிவிடுகிறது. அழைப்பின் நீளம் 68க்கு மாறாக 67 ஆகிறது.

ஒப்பந்தம் எப்போதும்போல் முதல் 32 பைட்டை முகவரியென்று படிக்கிறது. குறைந்த ஒரு பைட்டைத் தொகையின் முதற் பைட்டிலிருந்து எடுத்துக்கொள்கிறது. அதுவோ சுழி, ஆகவே முகவரி முழுமையாகிவிடுகிறது. தொகைக்கு 31 பைட்டுகளே எஞ்சுகின்றன. இறுதியில் இல்லாத பைட்டைச் சுழியென்று கொள்வது அவ்வியந்திரத்தின் இயல்பு. பத்தடிமான எண்ணின் வலப்புறம் ஒரு சுழி சேர்த்தால் அது பத்து மடங்காவது போல, இங்கே ஒரு சுழிப் பைட்டு சேர்ந்தால் தொகை 256 மடங்காகும். 5 என்பது 1,280 ஆகிவிடும். மாற்றகம் தன் புத்தகத்தில் 5 என்று எழுதும். அதன் பொதுக் கையிருப்பிலிருந்து 1,280 வெளியேறும். இழப்பு ஏனைய வாடிக்கையாளருடையது.

டோக்கன் ஒப்பந்தம் தன் விதிப்படியே இயங்கியது. குற்றம், முகவரி என்னும் வகைக்கு உரிய நீளத்தைக் கேளாமல், வந்த எழுத்துத் தொடரை அப்படியே ஒட்டிய அழைப்பு நிரலில் இருந்தது. பின்னர் வந்த சாலிடிட்டி நிரல்பெயர்ப்பிகள் நீளம் குறைந்த அழைப்பை ஒப்பந்தமே மறுக்கும்படி செய்துவிட்டன. எனினும், வாயிலில் காவல் வைத்த பின்னும் வழியில் சோர்ந்திருத்தல் தகாது அன்றோ?

ஒப்பந்தத்தின் இலக்கணக் குறிப்பு

சாலிடிட்டி நிரல்பெயர்ப்பி எண் தொடரோடு மற்றொரு குறிப்பையும் தருகிறது. அதனை இடைமுகக் குறிப்பு எனலாம். ஒப்பந்தத்திலுள்ள, வெளியார் அழைக்கத்தக்க செயற்கூறுகளின் பெயர், உள்ளீடுகளின் பெயரும் வகையும், திரும்பத் தரும் விடையின் வகை, ஒப்பந்தம் அறிவிக்கும் நிகழ்ச்சிகள் ஆகியவை அதில் வரிசையாக இருக்கும். மேலும் ஒவ்வொரு செயற்கூறும் ஏட்டை மாற்றுமா மாற்றாதா, பணத்தை ஏற்குமா ஏலாதா என்பதும் குறிக்கப்பட்டிருக்கும்.

தமிழாசிரியர் இதனை எளிதில் உணர்வர். ஏட்டைப் படித்து விடை மட்டும் கூறுவன வினாத் தொடர்கள்; ஏட்டை மாற்றுவன ஏவல் தொடர்கள். ஒரு கணிப்பொறியிடம் நேரே வினவுதற்கு எத்தீரியம் கட்டணம் கேட்பதில்லை. ஏவலுக்குக் கட்டணம் உண்டு. இடைமுகக் குறிப்பு இவ்வேறுபாட்டையும் தாங்கி நிற்கிறது. சுருங்கக் கூறின், ஒப்பந்தத்தோடு பேசுதற்குரிய இலக்கணம் அதுவே.

முன்னாளில் அழைப்பு நிரலை எழுதுவோர் இக்குறிப்பை நிரல் ஓடும்போதே படித்து, செயற்கூற்றின் பெயரை வெறும் எழுத்துத் தொடராகக் கொடுத்து அழைத்தனர். பெயரில் ஓர் எழுத்துப் பிறழ்ந்தாலும், இரண்டு உள்ளீட்டுக்கு ஒன்றே கொடுத்தாலும், அந்த வரி ஓடும்வரை பிழை வெளிப்படாது. பல நூறு வரிகளுள் அரிதாகவே ஓடும் வரியில் பிழை ஒளிந்திருந்தால், அது வெளிப்படும் நாளும் அரிதான நெருக்கடி நாளாகவே இருக்கும்.

நிரலை எழுதும் நிரல்

இக்குறையை நீக்கப் பிறந்ததே வகையறி நிரலை ஆக்கித் தரும் கருவி. அது இடைமுகக் குறிப்பைப் படித்து, ஒப்பந்தத்தின் ஒவ்வொரு செயற்கூற்றுக்கும் நேரான செயற்கூறு ஒன்றை நாம் பயன்படுத்தும் மொழியிலேயே எழுதித் தருகிறது. கோ மொழிக்கு ஏபிஐஜென், ஜாவா மொழிக்கு வெப்3ஜே, டைப்ஸ்கிரிப்ட் மொழிக்கு டைப்செயின் என்பன இத்தகைய கருவிகள். ஆக்கிய கோப்பினையும் வேண்டாது, குறிப்பிலிருந்து நேரே வகைகளை உய்த்துணரும் வியெம் போன்ற நிரலகங்களும் டைப்ஸ்கிரிப்ட்டில் உண்டு. முறை வேறாயினும் நோக்கம் ஒன்றே.

இதன்பின் நிகழ்வது யாதெனின், நாம் நன்னூல் வழியாகச் செய்வதைக் கணிப்பொறியே செய்கிறது. இல்லாத செயற்கூற்றை அழைத்தால், யானைக்கன்றை யானைக்குஞ்சு என்றது போன்ற மரபு வழுவாக அது சுட்டப்படும். முகவரிக்கு உரிய இடத்தில் தொகையை வைத்தால் திணை மயங்கியது போலாகும். எண்ணை விடையாகத் தரும் வினாவிற்கு எழுத்துத் தொடரை எதிர்பார்த்தால் அது விடை வழுவை ஒக்கும். எழுதும்போதே திரையில் சிவப்புக் கோடு தோன்றும். நிரல்பெயர்ப்பி அந்நிரலை ஏற்க மறுக்கும். ஒரு காசும் செலவாகாமல், ஏட்டைத் தொடாமல் பிழை அகப்பட்டுவிடுகிறது.

மற்றொரு பெரும்பயனும் உண்டு. ஒப்பந்தத்தின் புதிய பதிப்பில் ஒரு செயற்கூற்றுக்கு மூன்றாவது உள்ளீடு சேர்க்கப்பட்டதென்க. கருவியை மீண்டும் இயக்கினால் போதும். பழைய முறையில் அழைக்கும் இடங்கள் யாவும் தாமே பிழையெனத் தெரிந்துவிடும். மனிதன் தேடி அலைய வேண்டுவதில்லை. இதனால்தான், ஆக்கப்பட்ட கோப்பைக் கையால் திருத்தலாகாது என்பது இத்துறையின் முதல் விதி. திருத்த வேண்டியது மூலம். படியைத் திருத்தினால் அடுத்த முறை கருவி இயங்கும்போது அத்திருத்தம் அழிந்துபோகும்.

முகவரியின் காவல் மொழிக்கு மொழி வேறுபடுவதையும் இங்கே குறித்தல் வேண்டும். கோ மொழிக் கருவி ஆக்கும் நிரலில் முகவரி என்பது சரியாக 20 பைட்டு உடைய வகை. 19 பைட்டு முகவரியை அவ்வகையால் குறிக்கவே இயலாது. டைப்ஸ்கிரிப்ட்டில் முகவரி பெரும்பாலும் எழுத்துத் தொடராகவே வருகிறது. அங்கே நீளத்தை நோக்குவது வகை அன்று. நிரல் ஓடும்போது நிரலகமே அதனைச் சோதிக்கிறது. ஆகவே ஒரே பெயருடைய காவல் எல்லா மொழியிலும் ஒரே வன்மையுடையதென்று எண்ணிவிடலாகாது.

எண்ணுக்குள் அடங்காத எண்

வகைப் பொருத்தம் இன்றியமையாதது என்பதற்கு எண்களே சிறந்த சான்று. எத்தீரியத்தின் நாணயமாகிய ஈதர் ஒன்று, வெய் என்னும் சிற்றலகில் 1க்குப் பின் 18 சுழிகள் கொண்ட எண்ணாகும். ஒப்பந்தங்கள் தொகையைச் சிற்றலகிலேயே கணக்கிடும். அவை வழங்கும் யூஇன்ட்256 என்னும் வகை 78 இலக்கம் வரையுள்ள எண்ணைத் தாங்கும்.

ஆனால் இணைய உலாவிகளில் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் மொழியின் வழக்கமான எண் வகை, முழு எண்களை 9,007,199,254,740,991 வரைதான் ஐயமின்றிக் குறிக்கும். இஃது 16 இலக்கம் உடையது. வெய் கணக்கில் இது நூற்றில் ஒரு பங்கு ஈதர் கூட ஆகாது! அதற்கு அப்பால் சில எண்கள் பக்கத்து எண்ணாக மாறிவிடும். 993 என்று முடிய வேண்டிய 9,007,199,254,740,993 என்னும் எண், 992 என்று முடிந்து நிற்கும். எச்சரிக்கை ஏதும் எழாது.

2020ஆம் ஆண்டின் மொழித் தரத்தில் சேர்ந்த பிக்இன்ட் என்னும் வகை இக்குறையற்றது. இக்காலத்து டைப்செயின், யூஇன்ட்256 வேண்டும் இடத்தில் விடையாக வருவதைப் பிக்இன்ட் என்றே அறிவிக்கிறது. அதனை வழக்கமான எண்ணோடு கவனமின்றிக் கூட்ட முயன்றால் நிரல்பெயர்ப்பி தடுக்கும். தடை தொல்லையாகத் தோன்றலாம். அது காட்டும் பள்ளமோ மெய்யானது.

இலக்கணம் காவாதவை

"கதிரவன் மேற்கே தோன்றினான்" என்னும் தொடரில் வழு ஏதும் இல்லை; எழுவாயும் பயனிலையும் இனிது இயைந்துள்ளன. ஆயினும் செய்தி பொய். வகையறி நிரலின் எல்லையும் இங்கேதான் இருக்கிறது.

இஆர்சி-20 விதியில் 'டிரான்ஸ்ஃபர் ஃப்ரம்' என்னும் செயற்கூறு, யாரிடமிருந்து, யாருக்கு, எவ்வளவு என மூன்று உள்ளீடுகளை ஏற்கும். முதல் இரண்டும் முகவரிகளே. அவற்றை இடம் மாற்றித் தந்தால் வகை இயைபு சிறிதும் கெடாது. கருவி வாய் திறவாது.

அலகுப் பிழை இதனினும் நுண்ணியது. பல டோக்கன்கள் 18 பதின்மத் தானங்கள் உடையன. யூஎஸ்டிசி என்னும் டோக்கனோ எத்தீரியத்தில் 6 தானங்களே உடையது. 25 யூஎஸ்டிசி அளவிற்குப் பிறர் எடுத்துக்கொள்ள இசைவு தர எண்ணுகிறோம் என்க. 25க்குப் பின் 6 சுழிகள் இட வேண்டிய இடத்தில், பழக்கத்தால் 18 சுழிகளை இட்டுவிட்டால், நாம் தந்த இசைவு 25 இலட்சம் கோடி யூஎஸ்டிசி அளவிற்கு ஆகிவிடும். இசைவு தரும் செயற்கூறு நம்மிடம் அத்தொகை இருக்கிறதா என்று நோக்குவதில்லை. ஆகவே ஒப்பந்தம் அதனை ஏற்றுக்கொள்ளும். அதன்பின் நம் கணக்கிலுள்ளது முழுவதும் பிறர் கைக்கு எட்டுவதாகிவிடும். இரண்டு எண்களும் யூஇன்ட்256 என்னும் ஒரே வகையினவாதலின், இங்கும் சிவப்புக் கோடு தோன்றாது.

மற்றும் ஒன்று. கருவி இடைமுகக் குறிப்பை நம்புகிறது. நாம் அழைக்கும் முகவரியில் இருப்பது அக்குறிப்புக்கு உரிய ஒப்பந்தந்தானா என்பதை அது அறியாது. டைப்ஸ்கிரிப்ட்டின் வகைகளோ நிரல் ஓடத் தொடங்கும்போது மறைந்துவிடுவன. வெளியிலிருந்து வரும் தரவை அவை காவல் காத்து நிற்பதில்லை.

இவற்றிற்கெல்லாம் வேறு காவல் வேண்டும். உள்ளீடுகளைப் பெயர் சொல்லித் தரும்படி சிறு உறைச் செயற்கூறுகளை எழுதிக்கொள்ளலாம். தானங்களின் எண்ணிக்கையை மனத்தால் நினைந்து எழுதாமல், அதனைக் கூறும் செயற்கூற்றை ஒப்பந்தத்திடமே வினவிப் பெறலாம். மெய்ப்பணம் இல்லாத சோதனை வலையில் முதலில் இயக்கிப் பார்க்கலாம். பெருந்தொகை ஆயின் முதலில் சிறுதொகையை அனுப்பி நோக்கலாம். இவை இலக்கணத்தின் வேலைகள் அல்ல, அறிவின் வேலைகள்.

ஆசிரியர்க்கு ஒரு சொல்

நிரல் எழுதக் கற்கும் மாணவர் பலர், வகை என்பதை வேகத்தைக் கெடுக்கும் தடையென்றே முதலில் கருதுகின்றனர். "நான் சொல்வது உனக்குப் புரியவில்லையா?" என்று கணிப்பொறியைச் சினப்பாரும் உளர். அவர்க்குத் தமிழாசிரியர் காட்டக்கூடிய விளக்கம் நம் மொழியிலேயே இருக்கிறது. "அவன் வந்தாள்" என்றால் வகுப்பில் உள்ள எவர்க்கும் ஓரளவு பொருள் விளங்கத்தான் செய்யும்; கேட்போர் தம் மனத்துள் திருத்திக்கொள்வர். பொறிக்கு அவ்விரக்கம் இல்லை. 67 பைட்டு வந்தாலும், இல்லாத ஒன்றைச் சுழியென்று கொண்டு, 5ஐ 1,280 ஆக்கிக் கொடுத்துவிட்டது அன்றோ?

கேட்போர் திருத்திக்கொள்ளாத இடத்தில், சொல்வோரே முன்னர்த் திருத்திக்கொள்ளுதல் வேண்டும். அதற்கு இயந்திரத்தின் துணை கிடைக்குமாயின் மறுத்தல் அறிவுடைமை ஆகாது. ஆனால் வழுவின்மை வேறு, வாய்மை வேறு என்பதையும் மாணவர் உடன் கற்றல் வேண்டும். தொடர் பிழையற்றது என்று கருவி கூறியபின், "நான் சொல்ல நினைத்தது இதுதானா?" என்று ஒருமுறை தன்னைத்தானே வினவிக்கொள்பவனே பிறர் பணத்தைக் கையாளத் தக்கவன்.